பாதமும் பாடமும்

மனிதன் நோயுறுங்கால் முழுமையாகவே நோயுறுகின்றான். காலில் புண்ணுடையவனுக்குக் காலோடு துன்பம் நிற்பதில்லை. உறக்கம் கெடுகின்றது, வயல்வேலை நிற்கின்றது, கூலி குறைகின்றது, வீட்டாரின் முகம் வாடுகின்றது. ஆனால் அவனுக்கு மருத்துவம் செய்யக் கற்கும் மாணவனோ அவனைக் கூறு கூறாகவே கற்கின்றான். ஒரு மணி நேரம் எலும்பு, அடுத்த மணி நேரம் இரத்தத்துச் சர்க்கரை, மறு ஆண்டில் கிருமி, அதற்கடுத்து மருந்து, பிறகு அறுவை. இக்கூறுகளையெல்லாம் மீண்டும் ஒரு மனிதனாகச் சேர்ப்பவர் யார்? எங்கே, எப்போது சேர்க்கின்றனர்? இவ்வினாவைப்பற்றிச் சில சொல்ல விழைகின்றேன்.

தமிழ் ஆனர்ஸ் வகுப்பிற் பயிலும் ஒருவனுக்கு மருத்துவக் கல்வியைப்பற்றி எழுத என்ன தகுதி என நம் கலாசாலை அன்பர்கள் நகைக்கக்கூடும். மருத்துவனாகப் பேசும் தகுதி எனக்கில்லை. நோயாளியின் கட்டிலருகே நின்றவன் என்னும் தகுதியும், சொற்களைப் பயில்பவன் என்னும் தகுதியும் உண்டு. இவ்விரண்டும் இப்பொருளுக்குப் புறம்பானவை அல்ல என்பதைப் போகப்போகக் காண்பீர்கள்.

எனது ஊர் பாடாலூர். திருச்சிராப்பள்ளியினின்று சென்னைக்குச் செல்லும் பெருஞ்சாலையில், பெரம்பலூர் மாவட்டத்து ஆலத்தூர் வட்டத்தில் உள்ளது. சுற்றிலும் கரிசல் நிலம். பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளைவன. ஊருக்கருகே பூமலை என்றொரு குன்று உண்டு. அதன்மேல் சஞ்சீவிராயர் கோயில் கொண்டுள்ளார். மூலிகை இன்னதென்று தேர இயலாமல் மலையையே பெயர்த்தெடுத்து வந்தான் அனுமன் என்னும் கதையை எங்களூர்ச் சிறுவர் எல்லாச் சமயத்தாரும் அறிவர். மருந்து ஒரு தழையாயினும் அதைக் கொண்டுவர முழு மலையும் வேண்டியிருந்தது என்பது எனக்கு எப்போதும் வியப்பளிப்பது.

என் அப்பாயி எழுபது வயது கடந்தவர். கரிசற் காட்டில் வெறுங்காலோடு களையெடுத்தே பழகியவர். பல்லாண்டுகளாக நீரிழிவு உடையவர். "காலெல்லாம் மதமதன்னு இருக்குதுப்பா, செருப்பு கழன்டாக்கூடத் தெரியமாட்டேங்குது" என்று ஈராண்டாகச் சொல்லிவந்தார். வீட்டார் அதனை முதுமையின் குறை என்று கொண்டோம். ஒருநாள் சீமைக்கருவேல முள்ளொன்று அவர் பாதத்தில் ஏறி முறிந்து உள்ளேயே நின்றது. அவர் அதனை உணரவில்லை. காலுறை ஈரமாயிற்றோ என்று எண்ணும்படி தரையிற் சீழ் பட்ட பின்னரே யாவரும் பாதத்தைத் திருப்பிப் பார்த்தோம்.

ஒரு பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அவரை அழைத்துச் சென்றோம். ஓர் அறையில் சர்க்கரைக்கு மருந்து எழுதினர். ஓர் அறையில் புண்ணைக் கீறினர். ஓர் அறையில் கண்ணைச் சோதித்தனர். மற்றோர் அறையில் சிறுநீரகத்துக்குச் சீட்டுக் கொடுத்தனர். நான்கு அறைக்கு நான்கு சீட்டு. ஒவ்வொருவரும் தத்தம் பணியைச் செவ்வனே செய்தனர். கடிந்துரைத்தாரும் இல்லை, கவலையின்றி இருந்தாரும் இல்லை. ஆயினும், "பாட்டி, வீட்டுக்குப் போனால் எதைக் காலில் போட்டு நடப்பீர்கள்?" என்று கேட்க வேண்டியது எந்த அறையின் பொறுப்பு என்பது ஒருவருக்கும் விளங்கவில்லை. அவர் வீடு திரும்பினார். மீண்டும் வெறுங்காலோடு தொழுவத்துக்குச் சென்றார். புண் மீண்டும் விரிந்தது. இரண்டு விரல்களை எடுத்தனர். அறைகளுக்கு இடையே இருந்த சந்தில் அவ்விரல்கள் விழுந்துபோயின என்றே யான் கருதுகின்றேன்.

என் பெரியப்பாவின் மகள் செவிலியர் பட்டப்படிப்பில் மூன்றாமாண்டு பயில்கின்றார். விடுமுறையில் ஊருக்கு வந்தபோது அப்பாயியின் காலுக்குக் கட்டுப் போட்டவர் அவரே. கட்டுப் போட்டுக்கொண்டே, நெடுநாள் மிகுந்து நிற்கும் சர்க்கரை நரம்பின் முனைகளைக் கெடுக்கும், அதனால் நோவுணர்ச்சி மறையும், குருதிக்குழாய்கள் குறுகும், ஆதலின் புண் ஆறாது என்று எனக்கு விளக்கினார். "இவ்வளவும் அறிந்திருந்தும் அக்காள் ஏன் சென்ற ஆண்டே அப்பாயியின் காலைப் பார்க்கவில்லை?" என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "தம்பி, எல்லாவற்றையும் படித்தேன். நரம்பு ஒரு நோட்டில் இருக்கிறது, சர்க்கரை வேறொரு நோட்டில் இருக்கிறது, புண் இன்னொரு நோட்டில் இருக்கிறது. அப்பாயி எந்த நோட்டிலும் இல்லை" என்றார். அவ்விடையே என்னை இப்பொருளில் ஈடுபடுத்தியது.

பாடங்களை இவ்வாறு பிரித்தது எவர் குற்றமும் அன்று. ஒரு காலத்தின் தேவை அது. 1910-ஆம் ஆண்டில் ஆபிரகாம் பிளெக்ஸ்னர் என்பவர் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவப் பள்ளிகளை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டார். அவற்றுட் பல ஆய்வுக்கூடமும் நோயாளிகளும் இல்லாமற் பட்டம் விற்றவை. மருத்துவம் அறிவியலின்மேல் நிற்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். முதலிரண்டு ஆண்டு ஆய்வுக்கூடத்து அறிவியல், பின்னிரண்டு ஆண்டு மருத்துவமனைப் பயிற்சி என்னும் அமைப்பு அதனால் உறுதிபெற்று உலகெங்கும் பரவியது. போலி மருத்துவம் ஒழிந்தது. அது பெரிய நன்மை. ஆயினும் இரு பகுதிக்கும் நடுவே ஒரு சுவரும் எழுந்தது. சுவருக்கு இப்பால் நின்று பயின்ற மாணவன் நோயாளியைக் காணாமலே நரம்புகளின் பெயரை உருப்போட்டான். அப்பால் சென்றதும் உருப்போட்டவற்றை மறந்தான்.

அச்சுவரில் முதல் வாயில் திறந்தவர்களுள் கிளீவ்லாந்து நகரத்து வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தார் குறிப்பிடத் தக்கவர். 1952-ஆம் ஆண்டில் அவர்கள் பாடங்களை உறுப்புத் தொகுதிகளின்படி அடுக்கினர். இதயத்தின் அமைப்பு, அதன் இயக்கம், அதன் நோய், அதற்கு மருந்து ஆகியன அடுத்தடுத்துக் கற்பிக்கப்பெற்றன. 1969-ஆம் ஆண்டில் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் இன்னும் ஒரு படி சென்று, ஒரு நோயாளியின் சிக்கலையே பாடமாக வைத்து, அதிலிருந்து மாணவர் தாமே வினா எழுப்பிக் கற்கும் முறையைத் தொடங்கியது. தண்டீ நகரத்துப் பேராசிரியர் ரொனால்டு ஹார்டன் 2000-ஆம் ஆண்டில் இவ்விணைப்பை 11 படிகளையுடைய ஓர் ஏணியாக விளக்கினார். அடிப்படியில் ஒவ்வோர் ஆசிரியரும் அடுத்த அறையில் நடப்பதை அறியாமல் தம் பாடத்தைச் சொல்கின்றனர். இடைப்படிகளில் ஒருவர் பாடத்தை ஒருவர் அறிந்து, காலம் பொருத்தி, சேர்ந்து கற்பிக்கின்றனர். உச்சிப்படியில் பாடப்பெயர்கள் மறைந்து உண்மை வாழ்க்கையே பாடமாகின்றது. எல்லாரும் உச்சியில் ஏறியே தீரவேண்டும் என்பதில்லை. தாம் எப்படியில் நிற்கின்றோம் என்பதை அறிந்து நிற்றலே அவ்வேணியின் பயன்.

நம் நாட்டில் இக்குரல் புதிதன்று. 1946-ஆம் ஆண்டில் அறிக்கையளித்த போர் குழுவினர், நோய் தீர்ப்பதோடு நோய் வராமற் காக்கவும் மக்களின் வாழ்க்கையை அறியவும் வல்ல மருத்துவரை ஆக்கும் கல்வி வேண்டுமென்றனர். 2019-ஆம் ஆண்டில் சேர்ந்த மாணவர் முதல் இந்திய மருத்துவக் கழகம் புதிய பாடத்திட்டம் ஒன்றை நடைமுறைக்குக் கொணர்ந்தது. 2020-ஆம் ஆண்டில் அக்கழகத்தின் இடத்துக்கு வந்த தேசிய மருத்துவ ஆணையம் அதனைத் தொடர்கின்றது. முதலாண்டிலேயே நோயாளியைக் காணுதல், அறமும் உரையாடலும் பயிலுதல், பாடங்களைக் கிடையாகவும் செங்குத்தாகவும் இணைத்தல் ஆகியன அதன் கூறுகள். ஓர் ஆண்டுக்குரிய பாடங்களைத் தம்முள் இணைப்பது கிடை இணைப்பு. முதலாண்டுப் பாடத்தை இறுதியாண்டுப் பாடத்தோடு இணைப்பது செங்குத்து இணைப்பு. நெசவாளர் மொழியிற் சொன்னால் ஒன்று ஊடை, மற்றொன்று பாவு. இரண்டும் சேர்ந்தாலன்றித் துணி ஆகாது. பாடத்திட்டம் வகுப்போர் பெரும்பாலும் நூலின் தரத்தைப்பற்றியே வழக்காடுகின்றனர்; தறியைப்பற்றிப் பேசுவார் சிலரே.

தமிழ் மாணவனுக்கு இதில் வியப்பொன்றும் இல்லை. தொல்காப்பியம் எழுத்து, சொல், பொருள் என்று மூன்று அதிகாரமாக நடக்கின்றது. எழுத்தறியாதான் சொல்லறியான், ஆனால் எழுத்தோடு நின்றவன் வாழ்வறியான். இறையனார் அகப்பொருளுரையில் ஒரு கதை உண்டு. பஞ்சம் நீங்கியபின் பாண்டியன் புலவரை அழைத்துவரச் செய்கின்றான். எழுத்து வல்லாரும் சொல் வல்லாரும் யாப்பு வல்லாரும் கிடைக்கின்றனர். பொருள் வல்லார் கிடைக்கவில்லை. மற்றவற்றையெல்லாம் ஆராய்வதே பொருளுக்காக அன்றோ என்று அரசன் கலங்குகின்றான். நான்கு அறையில் வல்லுநர் இருந்தும் அப்பாயியின் செருப்பைப்பற்றிக் கேட்பார் இல்லாதபோது எனக்கு அப்பாண்டியன் நினைவே வந்தது.

இன்னொன்றும் நம் நூல்களிலிருந்து கூறவேண்டும். மருத்துவம் என்பது மருத்துவன் ஒருவனால் ஆவதன்று. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிப் பாட்டு மருத்துவத்தை நான்கு பகுதியாகக் காண்கின்றது: நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பணிசெய்வோன். நோயாளியை முதலில் வைத்ததும், பணிசெய்வோனைத் தனியே எண்ணியதும் கருதத் தக்கன. இன்று அப்பணிசெய்வோர் பலராய் விரிந்துள்ளனர். செவிலியர், உடலியக்கப் பயிற்சியாளர், மருந்தாளுநர், ஆய்வுக்கூடத்தார், 108 ஊர்தியில் வரும் முதலுதவியாளர் எனப் பலர். ஆனால் இவர்கள் கல்வியோ தனித்தனிக் குடைக்கீழ் உள்ளது. மருத்துவ மாணவருக்கு ஓர் ஆணையம். செவிலியர்க்குத் தனியே ஓர் அமைப்பு. மருந்தாளுநர்க்கு 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி வேறொரு கழகம். பிற துறையினர்க்கு 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி மற்றோர் ஆணையம். பயிலும் காலத்தில் ஒருவரையொருவர் அறியாதார், பணியில் ஒரு கட்டிலைச் சுற்றி நிற்கும்போது மட்டும் ஒருமனப்படுவர் என்று எதிர்பார்ப்பது எங்ஙனம் பொருந்தும்?

பொருந்தும்படி செய்து காட்டியவர் நம் நாட்டிலேயே இருந்தனர். வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ஆம் ஆண்டில் தம் பணியைத் தொடங்கினார். 1909-இல் செவிலியர் பயிற்சியும், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் அவரால் ஏற்பட்டன. செவிலியர் கல்வி முதலிலும் மருத்துவர் கல்வி பின்னருமாக அவை வளர்ந்தன. அவரும் மாணவியரும் வழியோரத்து மரநிழல்களில் வண்டியை நிறுத்தி ஊராரைக் கண்டு மருந்தளித்தனர். அம்மரநிழலும் அவர்களுக்கு ஒரு வகுப்பறையே. இன்றும் அக்கல்லூரியில் மருத்துவ மாணவரும் செவிலிய மாணவரும் பிற துறையினரும் தொடக்க ஆண்டிலேயே ஒருங்கே கிராமத்துக்குச் சென்று வீடுவீடாக மக்களின் வாழ்வைக் கற்கும் பயிற்சி நடைபெறுகின்றது.

அவ்வேலூரிலேதான் பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர் 1946-இல் வந்து சேர்ந்தார். அவர் பிறந்தது எங்களூருக்கு மேற்கே, பச்சைமலைக்கு அப்பாலுள்ள கொல்லிமலையில், 1914-ஆம் ஆண்டில். தொழுநோயாளரின் விரல்கள் அந்நோயினாலேயே அழுகி உதிர்கின்றன என்று அக்காலத்துப் பலர் நம்பினர். பிராண்டும் அவருடன் உழைத்தோரும் நோவுணர்ச்சி இன்மையே பெருங்காரணம் எனக் கண்டனர். சுடும் பாத்திரத்தைச் சுடுமென்று அறியாமற் பிடிப்பதாலும், ஆணி தைத்ததை அறியாமல் நடப்பதாலும் வந்த காயங்களே உறுப்பைக் கெடுத்தன. இதனைக் கண்டபின் அறுவைக்கத்தி ஒன்றே போதவில்லை. கையைப் பயிற்ற உடலியக்கப் பயிற்சியாளர் வேண்டியிருந்தது. மெத்தென்ற ரப்பர் அடியுள்ள செருப்புத் தைக்கத் தொழிலாளி வேண்டியிருந்தது. நோயாளி தன் பாதத்தை நாள்தோறும் தானே பார்க்கப் பழகவேண்டியிருந்தது. பிராண்ட் 1966-இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்றபின் இவ்வறிவு நீரிழிவாளரின் உணர்விழந்த பாதங்களுக்கும் பயன்பட்டது. கொல்லிமலையிற் பிறந்த ஒருவர் கண்ட உண்மை கடல்கடந்து சென்று பலர் பாதங்களைக் காத்தது. பச்சைமலைக்கு இப்பால் இருந்த அப்பாயியின் பாதத்துக்கு மட்டும் அது வந்து சேரவில்லை. அறிவு உண்டாவது ஒன்று. அது பாடத்தின் வழியாக ஊருக்கு வந்து சேர்வது மற்றொன்று.

இவற்றையெல்லாம் படித்தபின் அக்காளும் யானும் சென்ற கோடை விடுமுறையில், திண்ணையில் அமர்ந்து, இரண்டு வாரப் பாடமொன்றைக் காகிதத்தில் வகுத்தோம். அதற்கு 'நீரிழிவாளர் பாதம்' என்று பெயரிட்டோம். எங்கள் வகுப்பில் மாணவர் மூவர் மூவராகப் பிரிவர். ஒருவர் மருத்துவம், ஒருவர் செவிலியம், ஒருவர் உடலியக்கம் பயில்பவர்.

முதல்நாள் மூவரும் ஒரு நீரிழிவாளரின் வீட்டுக்குச் செல்வர். பாதத்தையும் செருப்பையும் பார்ப்பர். அவர் சொல்வதை அவர் சொற்களிலேயே எழுதிக்கொள்வர். பத்துக் கிராம் விசையில் வளையும் மெல்லிழை ஒன்றைப் பாதத்தில் பல இடங்களில் ஊன்றி, உணர்வு உண்டா இல்லையா எனக் குறிப்பர். மறுநாள் உடற்கூற்றுக் கூடத்தில் அதே பாதத்தின் நரம்பும் குழாயும் எவ்வழிச் செல்கின்றன என்று காண்பர். மூன்றாம் நாள் உயிர்வேதியியல் ஆசிரியர், சர்க்கரை மிகுதி நரம்பை எங்ஙனம் கெடுக்கின்றது என்று விளக்குவார். நான்காம் நாள் கிருமியும் சீழும். ஐந்தாம் நாள் மருந்தும் இன்சுலினும். குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில் இன்சுலினை ஈரமான மண்பானையிற் காக்கும் முறையும் அன்றே கற்பிக்கப்பெறும்.

இரண்டாம் வாரத்தில் முதலாசிரியர் ஒரு செவிலியர். புண்ணைக் கழுவிக் கட்டும் முறையை அவர் காட்ட, மருத்துவ மாணவர் கைகட்டி நில்லாமல் செய்து கற்பர். அடுத்துச் செருப்புத் தைப்பவர் வருவார். அவரும் அன்று ஆசிரியரே. பின்னர் மாணவர் மீண்டும் அவ்வீட்டுக்குச் சென்று, நியாயவிலைக் கடை அரிசி எத்தனை நாள் உணவு, களையெடுக்கும் கூலி எவ்வளவு, பேருந்துக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய திட்டத்தின் பணியாளர் எந்நாளில் வருகின்றார் என்பனவற்றைக் கேட்டறிவர். இறுதியில் மூவரும் சேர்ந்து ஒரே ஒரு தாளில், இவ்வொரு மனிதருக்கு இனிச் செய்ய வேண்டியது இன்னது, செய்ய வேண்டியவர் இன்னார் என்று எழுதுவர். சீட்டு நான்கன்று, ஒன்று.

இதனை எங்கள் ஊருக்கு வந்த ஒரு மூத்த மருத்துவரிடம் காட்டினோம். அவர் பொறுமையோடு படித்து மூன்று தடைகளைக் கூறினார். அவற்றை மறைப்பது முறையன்று.

முதலாவது, ஆழம். எல்லாவற்றையும் ஒரு பாதத்தோடு கட்டினால், பாதத்தில் அடங்காத அடிப்படைகள் விடுபட்டுப்போகும் என்றார். இது மெய். செய்யுளை மட்டும் படித்து இலக்கணத்தை விட்டவன் புதிய செய்யுளின்முன் திகைப்பான். ஆதலின் தனிப்பாடங்களை அழித்தல் வேண்டா. அவற்றினிடையே இத்தகைய முடிச்சுகளை வேண்டுமிடத்து இடுதலே தக்கது. தறியில் நூல் நூலாகவே இருக்கின்றது; குறுக்கே செல்லும் ஊடையே அதனைத் துணியாக்குகின்றது.

இரண்டாவது, ஆசிரியரின் நேரம். உடற்கூற்று ஆசிரியரும் மருந்தியல் ஆசிரியரும் செவிலிய ஆசிரியரும் சேர்ந்து அமர்ந்து திட்டமிட வேண்டும். அந்த மணி எவர் கால அட்டவணையிலும் இல்லை என்றார். அதற்கு எங்களிடம் விடை ஒன்றே: அதனை அட்டவணையில் எழுதுக. மாணவனுக்கு மணியடிப்பது போல ஆசிரியர் கூடுவதற்கும் மணியடிக்கட்டும். இணைந்து கற்பிக்கும் விருப்பம் பலரிடத்து உண்டு. அதற்கென ஒதுக்கிய நாழிகைதான் இல்லை.

மூன்றாவது தடையே பெரிது. "பாடத்தை எப்படி இணைத்தாலும் பரீட்சை பிரிந்தே இருந்தால் மாணவன் பிரித்தே படிப்பான்" என்றார். இவ்வொரு வாக்கியத்தில் கல்வித் திட்டங்கள் பலவற்றின் வரலாறு அடங்கியுள்ளது. மாணவராகிய நாம் இதனை நன்கறிவோம்; எது கேட்கப்படுமோ அதுவே நமக்குப் பாடம். நல்ல நோக்கத்தோடு புகுத்திய புதுமைகள் வினாத்தாளின் வாயிலில் வந்து நின்றுவிடுகின்றன. ஆதலின் பாடத்திட்டம் வகுப்போர் முதலில் வகுக்க வேண்டியது வினாத்தாளையே. மூவர் சேர்ந்து ஒரு நோயாளிக்கு என் செய்வர் என்பதைப் பரீட்சையிற் கேட்டு மதிப்பெண் இட்டாலன்றி, இணைப்பு ஏட்டளவில் நிற்கும்.

இனி யான் தமிழ் மாணவனாகச் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. பாடங்களை இணைத்து, துறையினரையும் இணைத்தபின்னும், மாணவனுக்கும் நோயாளிக்கும் இடையே ஒரு சந்து நிற்கின்றது. அது மொழி. இதனை நன்கறிந்தவர் யாழ்ப்பாணத்தில் மருத்துவப்பணி புரிந்த சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847-இல் அமெரிக்காவினின்று வந்து, மானிப்பாயில் மருத்துவ வகுப்பு நடத்தினார். தொடக்கத்தில் ஆங்கிலத்திற் கற்பித்தார். பின்னர், ஊர்மக்களிடையே தங்கி மருத்துவம் செய்வார் வேண்டுமாயின் அவர்கள் ஊர்மொழியிலேயே கற்கவேண்டும் எனத் தெளிந்து, தாமே தமிழ் பயின்று தமிழிற் கற்பிக்கலானார். மனுஷ அங்காதிபாதம், இரண வைத்தியம், வைத்தியாகரம், கெமிஸ்தம் முதலிய நூல்கள் அவரும் அவர் மாணாக்கரும் உழைத்ததால் வெளிவந்தன. அறுபதுக்கு மேற்பட்டவரை அவர் மருத்துவராக்கினார். அவருடைய கலைச்சொற்களுட் பல இன்று வழங்குவதில்லை, அது குறையன்று. நோயாளி பேசும் மொழியையும் மருத்துவக் கல்வியின் ஓர் உறுப்பாக அவர் வைத்தார் என்பதே நமக்கு வேண்டுவது.

இன்று மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தல் வேண்டுமா என்னும் பெருவழக்கினுள் யான் புகவில்லை. அதனினும் சிறியதும் உடனே செய்யத் தக்கதும் ஒன்றுண்டு. அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரி 12-ஆம் நாள் திறக்கப்பெற்றது. அன்று தமிழ்நாட்டில் ஒருங்கே திறந்த 11 அரசு மருத்துவக் கல்லூரிகளுள் அஃதும் ஒன்று. அரசுக் கல்லூரி இடங்களில் 15 விழுக்காடு அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு உரியது. ஆதலின் பிறமொழி பேசும் மாணவரும் நம் மாவட்டங்களுக்கு வருகின்றனர். முதலாண்டின் தொடக்கப் பயிற்சியில் வட்டார மொழியைக் கற்பிக்கவும் இடமுண்டு. ஆனால் அங்கே எந்தத் தமிழைக் கற்பிப்பது? "நலமாக உள்ளீர்களா" என்று கேட்கக் கற்ற மாணவன், "மேலுக்கு முடியல" என்னும் விடையை எங்ஙனம் அறிவான்? குறுக்கு வலி என்றால் இடுப்புவலி என்பதும், கெறக்கம் என்றால் தலைச்சுற்றல் என்பதும், நெஞ்சுக் கரிப்பு என்பது பெரும்பாலும் வயிற்றின் புளிப்பேயாயினும் சிலபோது இதயத்தின் குறையாகவும் இருக்கலாம் என்பதும் அவனுக்கு யார் சொல்வார்? தமிழ்நாட்டுப் பட்டணங்களிற் பிறந்து ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற மாணவர் பலர்க்கும் இச்சொற்கள் புதியனவே.

அப்பாயி ஈராண்டு சொன்ன 'மதமதப்பு' என்னும் சொல்லே நோயின் முதல் அறிகுறி. அச்சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் ஒரு மாணவனுக்கு நரம்பும், சர்க்கரையும், மெல்லிழையும், மெத்தென்ற செருப்பும் ஒருசேர நினைவுக்கு வருமாயின், அவன் பயின்ற பாடத்திட்டம் இணைந்தது என்று துணியலாம். வாராவிடின், அட்டவணை எவ்வளவு அழகாக இருப்பினும் அஃது இணைந்ததன்று. இதனைவிட எளிய சோதனை எனக்குத் தோன்றவில்லை.

இவ்விடுமுறையில் பாடாலூரிலும் பக்கத்து ஊர்களிலும் நோயைப்பற்றி மக்கள் வழங்கும் சொற்களைத் திரட்டத் தொடங்கினேன். முதியோர், கருவுற்ற பெண்கள், வெங்காயக் களத்தில் வேலை செய்வோர் ஆகியோரிடம் கேட்டு எழுதியவை நூற்றுக்கு மேல் உள. ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அதன் பொருளை அக்காள் மருத்துவ முறையில் எழுதிவருகின்றார். சில சொற்களுக்கு ஒரு பொருள். சிலவற்றுக்கு மூன்று பொருள். சிலவற்றுக்கு இன்னும் பொருள் துணியவில்லை. இக்கையேடு ஒருநாள் ஒரு மருத்துவ மாணவனின் பையில் இருக்குமாயின் எங்கள் உழைப்பு வீண்போகாது.

இவ்வேட்டைப் படிக்கும் பழைய மாணவர்களுள் மருத்துவரும் செவிலியரும் பலர் உளர். நீங்கள் பணிபுரியும் ஊரில் நோயாளிகள் கூறி, முதலில் உங்களுக்கு விளங்காத சொற்கள் சில இருந்திருக்கும். அவற்றை ஊர்ப்பெயருடன் எழுதி நம் தமிழ்த்துறைக்கு அனுப்பி உதவ வேண்டுகின்றேன். நம் வகுப்புத் தோழர்களும் விடுமுறைக்குச் செல்லும்போது ஆளுக்குப் பத்துச் சொல்லேனும் கொண்டுவரலாம். அப்பாயிக்கு இப்போது மெத்தென்ற அடியுள்ள செருப்பொன்று வாங்கிக் கொடுத்துள்ளோம். நாள்தோறும் மாலையில் தம் பாதத்தைத் திருப்பி ஒரு சிறு கண்ணாடியில் பார்த்துக்கொள்கின்றார். எஞ்சிய எட்டு விரல்களும் நலமாயுள்ளன.